எக்ஸ்குளூசிவ் ஒழிந்துவிட்டதா? கிளிநொச்சியிலிருந்து சில குறிப்புகள்

கேள்வி: விசுவமடு வாசகர், 27.08.2025

"நேற்று ஒரே நாளில் சோனியின் ஹெல்டைவர்ஸ் 2 என்ற விளையாட்டு மைக்ரோசொஃப்டின் எக்ஸ்பொக்ஸுக்கும், மைக்ரோசொஃப்டின் கியர்ஸ் ஒஃப் வோர் சோனியின் பிளேஸ்டேசனுக்கும் வந்துவிட்டன. இனி எந்த விளையாட்டும் ஒரு இயந்திரத்துக்கு மட்டும் சொந்தமில்லை. எக்ஸ்குளூசிவ் என்ற அநியாயம் ஒழிந்தது நல்லது. பிள்ளைகள் இருவருக்கும் ஒரு விளையாட்டு இயந்திரம், அதாவது கொன்சோல், வாங்க இருக்கிறேன். இனி எதை வாங்கினாலும் ஒன்றுதானே?"

27.08.2025, இரவு

ஒன்றல்ல, அண்ணா. ஏன் என்பதை ஓரிரு வரியில் சொல்லி முடிக்க முடியாது.

நான் கிளிநொச்சியில் கைபேசி, கணினி, விளையாட்டு இயந்திரங்கள் திருத்துகிற சிறிய கடை ஒன்றை வைத்திருக்கிறேன். உங்களைப் போல் கேட்டு வருகிற பெற்றோரை மாதத்தில் நாலைந்து பேராவது சந்திக்கிறேன். முதலில், "அநியாயம்" என்ற சொல்லை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. ஒரு விளையாட்டு ஒரே இயந்திரத்துக்கு மட்டும் உரியதாவது இரண்டு வழிகளில் நடக்கிறது. வேறு எவரும் செய்விக்க முன்வராத விளையாட்டுக்கு ஒரு நிறுவனம் தன் காசைப் போட்டுச் செய்விப்பது ஒரு வழி. 2014 இல் நின்டெண்டோவின் வீ யூ இயந்திரத்துக்கு மட்டும் வெளிவந்த பயோனெட்டா 2 அப்படிப் பிறந்தது. நின்டெண்டோ காசு போட்டிருக்காவிட்டால் அந்த விளையாட்டே இருந்திராது. மற்ற வழி, ஏற்கெனவே எல்லா இயந்திரங்களுக்கும் விளையாட்டுச் செய்துகொண்டிருந்த ஒரு நிறுவனத்தை முழுதாக விலைக்கு வாங்குவது. 2021 இல் மைக்ரோசொஃப்ட் 750 கோடி டொலர் கொடுத்து பெதெஸ்டாவின் தாய் நிறுவனத்தை வாங்கியது. பெதெஸ்டா செய்த ஸ்டார்ஃபீல்ட் 2023 இல் வெளிவந்தபோது பிளேஸ்டேசனுக்கு வரவில்லை. முதலாவது புதுக்கிணறு வெட்டுவது, இரண்டாவது ஊர்க்கிணற்றைச் சுற்றி வேலி அடைப்பது. இரண்டையும் ஒரே சொல்லால் ஏசுவது கிணறு வெட்டியவருக்குச் செய்கிற குற்றம் என்றே நினைக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. ஒரே இயந்திரத்துக்காக உழைப்பவர்கள் அந்த இயந்திரத்தின் மூலைமுடுக்கெல்லாம் அறிந்துகொள்கிறார்கள். பிளேஸ்டேசன் 3 இல் இருந்தது மொத்தமாக 512 மெகாபைட் நினைவகம். அதன் செல் என்கிற செயலி நிரல் எழுதுவோரைப் படாத பாடு படுத்தியது. 2013 இல் அந்த இயந்திரத்துக்கு மட்டும் வந்த த லாஸ்ட் ஒஃப் அஸ் என்ற விளையாட்டு அதில் ஓடிய அழகைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

28.08.2025

நேற்றுக் கடைசியாக எழுதியதை இன்று காலை கடை திறக்கும்போது மீண்டும் யோசித்தேன். அந்த வாதம் முழுமையானதல்ல. அதே 2013 இல், மூன்று மாதங்களின் பின், ஜிடிஏ 5 என்ற விளையாட்டு பிளேஸ்டேசன் 3 இலும் எக்ஸ்பொக்ஸ் 360 இலும் ஒன்றாகவே வந்தது. இரண்டிலும் அதே 512 மெகாபைட்தான். ஒரு முழு நகரத்தையும் அதைச் சூழ்ந்த மலைகளையும் கடலையும் அதற்குள் அடக்கிக் காட்டினார்கள். ஆகவே நல்ல வேலைக்கு எக்ஸ்குளூசிவ் கட்டாயம் என்று நான் சொல்ல முடியாது. காசும் காலமும் கிடைத்தால் இரண்டு இயந்திரங்களுக்கும் நன்றாகச் செய்யலாம். கிணறு வெட்டுகிற வாதத்தில் மட்டும் இன்னும் உறுதியாக நிற்கிறேன்.

31.08.2025

என்னுடைய முதல் கொன்சோல் எது என்று மாங்குளத்திலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். என்னுடையது என்று சொல்ல முடியாது, ஆனால் முதலில் தொட்டது பிளேஸ்டேசன் 2. போர்நிறுத்தத்தில் வன்னிக்குள் வரும் ஏ9 பாதை திறந்திருந்த காலத்தில், 2004 என்று நினைவு, பெரியம்மாவின் மகன் கனடாவிலிருந்து வந்தபோது கொண்டுவந்தார். அது 120 வோல்ட்டில் ஓடுகிற இயந்திரம், நமது மின்சாரமோ 230. அதைவிட அன்று எங்கள் வீட்டில் மின்சாரமே இல்லை. பக்கத்து வீட்டுச் சித்தப்பா தன் சின்ன மின்பிறப்பாக்கியைப் பெட்ரோலில் எழுப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார். அதிலிருந்து ஒரு மின்மாற்றி, மின்மாற்றியிலிருந்து இயந்திரம், இயந்திரத்திலிருந்து எங்கள் பழைய தொலைக்காட்சி. கனடா இயந்திரம் அனுப்பியது என்ரிஎஸ்சி (NTSC) என்ற வட அமெரிக்கத் தொலைக்காட்சி முறைப் படம், எங்கள் தொலைக்காட்சிக்குத் தெரிந்தது பால் (PAL) என்ற நமது முறை மட்டும். ஆகவே கிரான் ரூரிஸ்மோ 3 என்ற அழகான கார்ப் பந்தயத்தை நாங்கள் எல்லோரும் கறுப்பு வெள்ளையில்தான் பார்த்தோம். எங்கள் கார் சிவப்பு என்று அண்ணா சொன்னார், நம்பினோம்.

மண்ணெண்ணெய் முடியப்போகும்போது மின்பிறப்பாக்கியின் சத்தம் இருமுவதுபோல் மாறும். அந்தச் சத்தம் கேட்டவுடன் ஒருவர் கத்துவார், கொன்ட்ரோலரை வைத்திருப்பவர் அவசரமாக மெமரி கார்டில் சேமிப்பார். எட்டு மெகாபைட் மெமரி கார்ட். அது பத்திரமாக இருந்தால் அடுத்த முறை எண்ணெய் கிடைக்கும்போது விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம். அந்த இயந்திரம் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. மின்சாரமும் இறுவட்டும் இருந்தால் ஓடியது. நான் அடுத்து எழுதப்போவதற்கெல்லாம் இதுதான் அளவுகோல்.

02.09.2025

வவுனியாத் தங்கை ஒருவர், பிரௌசிங் சென்டர் கணினிகளில் நாம் எல்லோரும் விளையாடிய, ஜிடிஏ வரிசையின் வைஸ் சிட்டியும் முதலில் எக்ஸ்குளூசிவ்தான் என்பதை நினைவூட்டியுள்ளார். சரி. அது 2002 ஒக்டோபரில் பிளேஸ்டேசன் 2 க்கு வந்தது, கணினிக்கு 2003 மே மாதத்தில்தான் வந்தது. அதே வரிசையின் சான் அன்ட்ரியாஸும் அவ்வாறே, 2004 ஒக்டோபரிலிருந்து 2005 ஜூன் வரை மற்றவர்கள் காத்திருந்தார்கள். நமக்கு அந்த ஏழெட்டு மாதங்கள் எவ்விதத்திலும் உறைக்கவில்லை. எந்த விளையாட்டும் இரண்டு மூன்று வருடம் பிந்தி வந்த ஊரில் எக்ஸ்குளூசிவ் என்ற சொல்லுக்கே அர்த்தம் இருக்கவில்லை.

06.09.2025

ஹெல்டைவர்ஸ் 2 க்கு வருகிறேன், ஏனென்றால் விசுவமடு அண்ணா அதைத்தான் விடுதலையின் அடையாளமாகக் காட்டினார். அந்த விளையாட்டு 2024 பெப்ரவரியில் பிளேஸ்டேசன் 5 க்கும் கணினிக்கும் ஒரே நாளில் வந்தது. அதே ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், கணினியில் வாங்கியவர்களும் தன் இணையச் சேவையான பிளேஸ்டேசன் நெட்வேர்க்கின் கணக்கு ஒன்றை இணைக்க வேண்டும் என்று சோனி அறிவித்தது. அந்தச் சேவை இயங்கும் நாடுகளின் பட்டியலில் இந்தியா உண்டு, இலங்கை இல்லை. சேவை இல்லாத 177 நாடுகளிலும் ஆட்புலங்களிலும் விளையாட்டின் விற்பனை நிறுத்தப்பட்டது. உலகம் முழுவதும் விளையாடுவோர் கொதித்தெழுந்தபின் சில நாட்களிலேயே சோனி அந்த நிபந்தனையைக் கைவிட்டது. 2025 ஜனவரியில் வேறு சில கணினி விளையாட்டுகளிலும் கணக்கு கட்டாயமில்லை என்றார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, ஹெல்டைவர்ஸ் 2 அப்போதும் பல தளங்களுக்கான விளையாட்டுத்தான். எக்ஸ்குளூசிவ் இல்லாதது நமக்கு எந்தப் பாதுகாப்பையும் தரவில்லை. எந்த இயந்திரத்தில் ஓடும் என்ற கேள்விக்கு நல்ல பதில் இருந்தும், எந்த நாட்டவருக்கு ஓடும் என்ற கேள்வியில் நாம் வெளியே நின்றோம்.

07.09.2025

நேற்று எழுதியதை வாசித்த இருவர், வேறு நாட்டு விலாசம் போட்டுக் கணக்குத் திறந்தால் போதாதா என்று கேட்டுள்ளார்கள். நானும் அப்படித்தான் செய்தேன், எந்த நிறுவனம் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. நான் ஒருநாளும் போயிராத ஒரு நகரத்தின் தபால் இலக்கத்தைக் கொடுத்து ஐந்து வருடம் அந்தக் கணக்கை வைத்திருந்தேன். கடனட்டை இல்லாததால் கொழும்பிலுள்ள ஒரு கடைக்காரரிடம் முற்கொடுப்பனவு அட்டையின் இலக்கத்தை வட்ஸ்அப்பில் வாங்கி, ஒவ்வொன்றாகப் பதினொரு விளையாட்டுகள் சேர்த்தேன். ஒருநாள் கைபேசி மாற்றினேன். கணக்குக்குள் நுழையக் குறியீடு கேட்டது, அது வர வேண்டிய பழைய இலக்கம் என்னிடம் இல்லை. உதவிப் பிரிவில் பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். பதிவுசெய்த விலாசத்தை உறுதிப்படுத்தும் ஆவணம் ஒன்றைக் கேட்டார். அந்த விலாசத்தில் நான் வசிக்கவில்லை என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது? பொய் சொல்லித்தான் உள்ளே போயிருந்தேன், ஆனால் உண்மை சொல்லி உள்ளே போக வாசலே இருக்கவில்லை. பதினொன்றும் போய்விட்டன. அவற்றில் இரண்டை இன்னும் முடித்திருக்கவில்லை.

14.09.2025

இறுவட்டைப் பற்றி எழுத எண்ணி ஒரு கிழமை ஆகிவிட்டது, கடையில் வேலை கூடிவிட்டது.

2013 இல் மைக்ரோசொஃப்ட் எக்ஸ்பொக்ஸ் வன் (Xbox One) என்ற புதிய இயந்திரத்தை அறிவித்தபோது, அது 24 மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது இணையத்தோடு பேச வேண்டும் என்றும், பாவித்த இறுவட்டுகளை விற்பதற்கும் கைமாற்றுவதற்கும் கட்டுப்பாடுகள் இருக்கும் என்றும் சொன்னார்கள். எதிர்ப்பு வலுத்ததால் அந்த ஜூன் 19 ஆம் திகதி மைக்ரோசொஃப்ட் அதைத் திரும்பப் பெற்றது. அந்த ஆண்டு செப்டெம்பரில்தான் போரால் நின்றுபோன ரயில் கிளிநொச்சிக்கு மறுபடியும் வந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். நாளுக்கொரு தடவை இணையம் என்பது அன்று இந்தப் பகுதியில் எத்தனை வீடுகளுக்குச் சாத்தியமாக இருந்திருக்கும்? நமக்காக யாரும் போராடவில்லை, ஆனால் அவர்கள் தங்களுக்காகப் போராடியதில் நமக்கும் பங்கு கிடைத்தது.

அன்று முன்கதவால் வர முடியாதது இப்போது பின்கதவால் வந்துகொண்டிருக்கிறது. 2022 இல் வந்த கோல் ஒஃப் டியூட்டி: மொடர்ன் வோர்ஃபெயார் 2 என்ற விளையாட்டின் பிளேஸ்டேசன் 5 இறுவட்டில் இருந்தது ஏறத்தாழ 70 மெகாபைட் மட்டும். மிகுதியெல்லாம் இணையத்திலிருந்து இறங்க வேண்டும். இந்த ஜூனில் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2 இயந்திரத்துக்கு இறுவட்டுக்குப் பதிலாக வரும் அட்டைகள் சிலவற்றுக்குள் விளையாட்டே இல்லை, அதை இறக்குவதற்கான சாவி மட்டும் இருக்கிறது. ஆனால் அதே ஸ்விட்ச் 2 க்கு வந்த சைபர்பங்க் 2077 என்ற விளையாட்டு முழுவதும் ஒரே அட்டையில் அடங்கியிருக்கிறது. மனம் இருந்தால் செய்யலாம் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

இரவுநேர டேட்டாவுக்காக நடுநிசியில் எழுந்து இறக்கத்தைத் தொடங்கிவிட்டு, காலையில் 31 வீதம் என்று பார்க்கிற பிள்ளைகளை நான் அறிவேன். இடையில் மின்சாரம் நின்றால் அந்த இரவும் போயிற்று.

திருத்துபவனாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிளேஸ்டேசன் 4 இன் உள்ளே கடிகாரத்தை ஓட வைக்கிற சிறிய வட்டப் பற்றரி ஒன்று இருக்கிறது. அது செத்துப்போய், இயந்திரம் இணையத்திலும் நேரத்தைச் சரிபார்க்க முடியாவிட்டால், விளையாட்டுகள் திறக்காது என்ற நிலை இருந்தது. 2021 செப்டெம்பரில் வந்த 9.00 என்ற அப்டேட் அதைச் சரிசெய்தது. ஆகவே பாவித்த பிளேஸ்டேசன் 4 வாங்குகிறவர்கள் அந்த அப்டேட் ஏற்றப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிளேஸ்டேசன் 5 இன் மெலிந்த வடிவத்தில் இறுவட்டு இயக்கியைத் தனியே வாங்கிப் பொருத்தலாம், ஆனால் பொருத்திய முதல் தடவை அதை இயந்திரத்தோடு இணைக்க இணையம் வேண்டும். கைபேசியின் ஹொட்ஸ்பொட் போதும், அதன்பின் தேவையில்லை.

15.09.2025

விலையைச் சொல்ல மறந்துவிட்டேன். ஒரு பெரிய புதிய விளையாட்டு 70 டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்தால் 21,000 ரூபா. இந்த ஆண்டு பெப்ரவரியில் அரசாங்கம் 'நாடு' என்கிற வகை நெல்லுக்கு அறிவித்த விலை கிலோவுக்கு 120 ரூபா. கணக்குப் பார்த்தால் 175 கிலோ நெல். இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்கிற ஒரு தகப்பன் மகனுக்கு ஒரு விளையாட்டு வாங்கிக் கொடுத்தால், அது ஓடி முடிந்தபின் வேறொரு பிள்ளைக்கு விற்கக்கூடியதாகவாவது இருக்க வேண்டும்.

27.09.2025

மாங்குளத்து நண்பர் கேட்ட கேள்வி என்னைக் குத்தியது. "இறுவட்டு, உரிமை என்றெல்லாம் எழுதுகிறீர்களே, நாம் அந்தக் காலத்தில் வாங்கியதெல்லாம் நூற்றைம்பது ரூபாக் கள்ளக் கொப்பி அல்லவா?" ஆம். வவுனியாவில் வாங்கினேன், பிறகு என் கடையிலும் இரண்டு வருடம் விற்றேன். வேறு வழியில்லை என்று அன்று சொன்னேன், அது பாதி உண்மை. அந்த நூற்றைம்பது ரூபாவில் ஒரு சதமும் அந்த விளையாட்டைச் செய்தவர்களுக்குப் போகவில்லை. அவர்கள் எப்படி உழைக்கிறார்கள் என்பதைப் பின்னர் வாசித்தபோதுதான் விற்பதை நிறுத்தினேன்.

அவர்களுடைய உழைப்பைப் பற்றி நமது இளைஞர்கள் அதிகம் பேசுவதில்லை. வெளியீட்டுத் திகதி நெருங்கும்போது மாதக்கணக்கில் ஓய்வின்றி வேலை வாங்குவதை அந்தத் தொழிலில் கிரஞ்ச் என்கிறார்கள். சைபர்பங்கைச் செய்த நிறுவனம் அப்படி வேலை வாங்கியும் அது 2020 டிசம்பரில் பழைய இயந்திரங்களில் ஒழுங்காக ஓட முடியாத நிலையில் வெளிவந்தது, சோனி தன் இணையக் கடையிலிருந்து ஆறு மாதம் அதை எடுத்தே விட்டது. அரைவேக்காட்டில் இறக்கிப் பிறகு அப்டேட்டில் சரிசெய்யலாம் என்கிற பழக்கம் வேகமான இணையம் உள்ளவருக்கு எரிச்சல் மட்டுமே. நமக்கோ இறுவட்டில் உள்ளதுதான் விளையாட்டு, அது அரைவேக்காடு என்றால் அரைவேக்காட்டைத்தான் சாப்பிட வேண்டும்.

நன்றாகச் செய்தாலும் பிழைப்பு உறுதியில்லை. ஹை-ஃபை ரஷ் என்ற விளையாட்டை எல்லோரும் பாராட்டினார்கள். அது எக்ஸ்பொக்ஸிலிருந்து பிளேஸ்டேசனுக்கும் போனது, போய் இரண்டு மாதங்களுக்குள், 2024 மே மாதத்தில், அதைச் செய்த ஜப்பானிய ஸ்டூடியோவை மூடுவதாக மைக்ரோசொஃப்ட் அறிவித்தது. பின்னர் கொரிய நிறுவனமொன்று அதை எடுத்துக்கொண்டது நல்ல காலம். இணையத்தில் மட்டும் ஓடுகிற சோனியின் கொன்கோர்ட் என்ற விளையாட்டு 2024 ஓகஸ்ட் 23 இல் வந்து செப்டெம்பர் 6 இல் நிறுத்தப்பட்டது, ஒக்டோபரில் ஸ்டூடியோவும் மூடப்பட்டது. வருடக்கணக்காகச் செய்த வேலைக்கு இரண்டு கிழமை ஆயுள். அந்த விளையாட்டு நல்லதோ கெட்டதோ, இன்று எவராலும் அதைப் போட்டுப் பார்க்க முடியாது என்பதே எனக்கு வலிக்கிறது.

முதல் நாள் நான் சொன்ன இரண்டு வகை இங்கே மறுபடியும் வருகிறது. 2023 இல் கோல் ஒஃப் டியூட்டியை வெளியிடுகிற அக்டிவிஷன் நிறுவனத்தை 6,870 கோடி டொலருக்கு வாங்கிய மைக்ரோசொஃப்ட், அடுத்த ஜனவரியிலேயே விளையாட்டுப் பிரிவில் 1,900 பேரை வேலையிலிருந்து நிறுத்தியது. வேலி அடைப்பவர்களுக்கு உள்ளே இருப்பவர்களும் பாரமாகிவிடுகிறார்கள்.

05.10.2025

அறிவியல்நகரில் படிக்கும் தம்பி ஒருவர், தானும் விளையாட்டுச் செய்து கொன்சோலில் வெளியிட விரும்புவதாக எழுதியுள்ளார். தம்பி, கொன்சோலுக்கான உருவாக்கக் கருவிகள் ஒப்பந்தத்தோடும் அனுமதியோடும்தான் கிடைக்கும், முதலில் கணினிக்குச் செய்யுங்கள். விளையாட்டுகளை உருவாக்க உதவும் கோடோ என்ற மென்பொருள் இலவசம், அதன் மூலநிரலும் திறந்தது. அதுபோன்ற இன்னொரு மென்பொருளான யூனிட்டியைச் செய்பவர்கள் 2023 செப்டெம்பரில், அதில் செய்த விளையாட்டின் ஒவ்வொரு நிறுவலுக்கும் கட்டணம் என்று சொல்லி, ஒரு வருடத்தின் பின் அதைக் கைவிட்டதை மனதில் வையுங்கள்.

ஸ்டார்டியூ வெலி (Stardew Valley) என்ற பயிர்செய்கை விளையாட்டைத் தனி ஒருவர் நாலு வருடத்துக்கு மேல் இருந்து செய்தார். 2016 பெப்ரவரியில் கணினிக்கு வந்தது, டிசம்பரில் கொன்சோல்களுக்குப் போனது. நான்கு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றுவிட்டது. அதில் நெல் நாற்று இருக்கிறது. தண்ணீர்க் கரையோடு நட்டால் ஆறு நாளில் விளையும், தள்ளி நட்டால் எட்டு நாள். எங்கோ இருக்கிற ஒருவர் வாய்க்காலோரப் பயிரின் குணத்தைக் கவனித்து அதில் வைத்திருக்கிறார் என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது.

அதைவிட ஆழமாகப் போனது 2020 இல் வந்த சகுனா என்ற ஜப்பானிய விளையாட்டு. இருவரை மையமாகக் கொண்ட சிறிய குழுவின் வேலை. வயலின் நீர்மட்டத்தை நாமே கூட்டிக் குறைக்க வேண்டும், நாற்றுகளைப் பின்னோக்கி நடந்து நட வேண்டும், கதிரடித்து உமி நீக்க வேண்டும். அம்மா ஒருநாள் அரிவாளைக் கழுவி வைத்துவிட்டு என் பின்னால் வந்து நின்று பார்த்தார். "நாங்கள் வீசித்தானே விதைக்கிறோம், இதுகள் ஒவ்வொன்றாய் நடுகுதுகள்" என்றார். சிறிது நேரம் கழித்து, "நெருக்கி நட்டுட்டாய், கதிர் சிறுக்கும்" என்றார். அறுவடையில் அவர் சொன்னபடிதான் நடந்தது. அன்றுவரை விளையாட்டைக் காசு கரைக்கும் பிசாசு என்று சொல்லி வந்தவர், அடுத்த நாள் "வயல் என்ன நிலை" என்று கேட்டார்.

அந்த விளையாட்டு ஸ்விட்ச், பிளேஸ்டேசன் 4, கணினி மூன்றிலும் கிடைக்கிறது.

26.10.2025

எக்ஸ்பொக்ஸின் ஹேலோ என்ற விளையாட்டும் பிளேஸ்டேசனுக்குப் போகிறது. முதலாவது ஹேலோவை முழுதாகப் புதுப்பித்து அடுத்த ஆண்டு பிளேஸ்டேசன் 5 இலும் வெளியிடப்போவதாக அறிவித்துவிட்டார்கள். 2001 இல் எக்ஸ்பொக்ஸ் என்ற இயந்திரத்தை மக்கள் வாங்கியதே அந்த விளையாட்டுக்காகத்தான். விசுவமடு அண்ணா "இப்போதாவது ஒப்புக்கொள்கிறீர்களா" என்று எழுதியுள்ளார். வேலி விழுவதில் எனக்கும் மகிழ்ச்சிதான், அண்ணா, ஒப்புக்கொள்கிறேன். ஹேலோ எங்கும் ஓடட்டும். ஆனால் அதை விளையாடக் கணக்கு எந்த நாட்டில் திறக்க வேண்டும், இறுவட்டுக்குள் விளையாட்டு இருக்குமா என்று நான் அப்போதும் கேட்பேன்.

உங்கள் பிள்ளைகளுக்கு என் பதில் இது. இறுவட்டு இயக்கியோடு கூடிய, பாவித்த பிளேஸ்டேசன் 4 ஒன்றை வாங்குங்கள். பெட்டியை மட்டும் பார்க்காமல் கடையிலேயே இணையத்தைத் துண்டித்துவிட்டு ஓர் இறுவட்டைப் போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு கொன்ட்ரோலர் எடுங்கள், ஸ்டார்டியூவில் திரையைப் பிரித்து இருவரும் சேர்ந்து வயல் செய்யலாம். உங்கள் பக்கத்துச் செம்மண் தூசு காற்றாடிக்குள் பசைபோல் ஒட்டிக்கொள்ளும், வருடத்தில் ஒரு தடவை கொண்டுவந்து துப்பரவு செய்யுங்கள்.

மழை தொடங்கிவிட்டது. மாலையில் இடி முழங்கும்போது மின்செருகியை மட்டும் கழற்றினால் போதாது, தொலைக்காட்சியோடு இணைக்கிற எச்டிஎம்ஐ கம்பியையும் கழற்றி வையுங்கள். டிஷ் அன்டெனாவில் இறங்குகிற மின்னல் தொலைக்காட்சி வழியாக அந்தக் கம்பியில் வந்துதான் இயந்திரத்தை எரிக்கிறது. இந்தக் கிழமை மட்டும் அப்படி மூன்று வந்து என் மேசையில் கிடக்கின்றன.